ஒயரில் கட்டிய பட்டு நூல்

எனக்கு அரக்கும் பச்சையும் ஒன்றாகிப்போய் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நாற்பது நாள். இந்த விஷயம் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அது நான். பட்டுத் தறிக்காரன் ஒருவன், அரக்கு எது பச்சை எது என்று தெரியாமல், அரக்கு உடம்பும் பச்சைக் கரையும் போட்ட கல்யாணப் புடவையை நாற்பது நாளாக நெய்கிறான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் பெண்டாட்டி அகிலாவும் நம்பமாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் காலையில் தறியில் உட்கார்ந்து பார்த்தேன். உடம்பும் கரையும் சேருகிற கோட்டைக் காணோம். கண்ணைக் கசக்கினேன். விளக்கைப் போட்டேன், கண்ணாடியைத் துடைத்தேன். மஞ்சள் மஞ்சளாகத்தான் இருந்தது, நீலத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த இரண்டு மட்டும் டீ டம்ளர் அடியில் தங்கும் கசண்டு மாதிரி ஒரே பழுப்பாக உட்கார்ந்திருந்தன. தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் எனக்கே என்னை நம்பப் பிடிக்கவில்லை.

பிறகு எப்படி நெய்தாய் என்று கேட்பீர்கள். தறியில் ஒவ்வொரு இழைக்கும் ஓர் இடம் உண்டு. இடம் தெரிந்தால் போதும், நிறத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். குறுக்கு நூலை ஓட்டும் நாடாக் கட்டைகளில் உடம்பு நாடா வலது கைப்பக்கம், கரை நாடா இடது கைப்பக்கம். தறியின் அந்தக் கோடியில் உட்கார்ந்து வலது கரைக்கு நாடா போடுவது அகிலா. நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருளை, அதாவது தாரை, சுற்றித் தருபவளும் அவள்தான். "உடம்புத் தாரை இந்த டப்பாவுல போடு, கரைத் தாரை அந்த டப்பாவுல போடு, கலந்து வெக்காத" என்று புதிதாக ஒரு சட்டம் போட்டேன். "இன்னா திடீர்னு ஒழுங்கு வந்துடுச்சு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு டப்பாவையும் இன்னும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தேன்.

இந்தப் புடவை முடிந்தால் அடுத்து தறியில் ஏற்றும் பாவு நூல் கட்டம் போட்ட புடவைக்கு. அரை அங்குலத்துக்கு ஒரு தரம் அரக்கும் பச்சையும் மாறி மாறி வரும். அதில் இடம், டப்பா எதுவும் என்னைக் காப்பாற்றாது. பாவும் கூலியும் தரும் முதலாளிக்குத் தெரிந்தால் பாவை அப்படியே எடுத்து அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாற்பத்து மூன்று வயதில் நான் வேறு என்ன செய்வேன்? இதை நினைத்தாலே உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது. தறியை விட்டு எழுந்து வாசலுக்குப் போவேன், வாசலில் ஒன்றும் இருக்காது, திரும்பி வருவேன். ஒரு நாளைக்கு இருபது தடவை தண்ணீர் குடித்தேன்.

இதில் அகிலாவின் தொல்லை வேறு. எனக்குக் காசநோய் என்று தெரிந்து நான்கு மாதமாக மாத்திரை சாப்பிட்டு வந்தேன். முதல் நாள் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஏதேதோ சொன்னார். தெரிந்தவர்கள் யாராவது என்னை அந்த வரிசையில் பார்த்துவிடுவார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கேட்டதெல்லாம் அகிலாதான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு விசாரணை. பசி எடுக்குதா, கை கால் மரத்துப் போகுதா, கடைசியில், "கண்ணு எப்படிக்கீது? நல்லா தெரியுதா?"

முன்பெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த நாற்பது நாளில் அது வந்தாலே திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருக்கும். இவள் மோப்பம் பிடித்துவிட்டாள், முதலாளியிடம் சொல்லிவிடுவாள் என்று தோன்றும். "கண்ணுக்கு இன்னா கேடு? உன்னை மாதிரி நாலு பேரு தெரியுது" என்று எரிந்து விழுவேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவாள்.

கார் வந்ததும் என் இருமலால்தான். கூட்டமான பஸ்ஸில் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று, கிழண்டுபோன வெள்ளைக் கார் ஒன்றை அகிலா அவள் அண்ணன் மூலமாகப் பிடித்தாள். ஓட்டக் கற்றுக்கொண்டவளும் அவள்தான், எனக்கு அதில் இஷ்டமில்லை. திங்கட்கிழமை மாதாந்திர மாத்திரை வாங்கப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை ஹார்ன் செத்தது, கூடவே விளக்கும் இண்டிகேட்டரும் போயின. ஹார்ன் இல்லாமல் இந்த ஊர் ராஜவீதியில் ஒரு மாட்டைக்கூடத் தாண்ட முடியாது. தெருக்கோடியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் கிறிஸ்டோபர் வந்து பார்த்தான். ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஸ்விட்ச் கட்டை எரிந்துபோயிருக்கிறது, புதிது வாங்கி வையுங்கள், புதன்கிழமை மாட்டித் தருகிறேன் என்றான்.

"புதன்கிழமை வரைக்கும் எவ பாத்துக்கினு இருப்பா? நம்மளே மாட்டலாம்" என்றாள் அகிலா. அன்று ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான விசாரணையை முடித்த கையோடு வந்திருந்தாள். கையில் போன், அதில் யாரோ ஒருவன் காரைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். "இதோ பாருங்க, கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஒயருக்கும் அடையாளம் வெச்சுடணும், அவ்ளோதான் சூட்சுமம்ன்றாரு."

பேட்டரி ஒயரைக் கழற்றி ஓரம் வைத்தாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பழைய சொந்தக்காரன் எவனோ பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, பன்னிரண்டு ஒயரையும் தனித்தனியாக முறுக்கி டேப் சுற்றியிருந்தான். எல்லா ஒயரும் அழுக்கேறி ஒரே கறுப்பு, கட்டையில் எந்த ஓட்டையில் நுழைகிறது என்பதை வைத்துத்தான் எது எதற்கு என்று சொல்ல முடியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே கறுப்பாக இருந்தால் எனக்கு என்ன பயம்?

"பேப்பர்ல ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் எழுதி ஒட்டிடலாம்" என்றேன்.

"இந்த வேர்வையில பேப்பரு நிக்குமா? மசாலா டப்பா மேல ஒட்டுனதே நிக்கல. நம்ம வூட்ல இல்லாத நூலா? ஒயருக்கு ஒரு கலரு, அதே கலர புது ஸ்விட்ச்சு ஒயர்லயும் கட்டிட்டா ஜோடி சேக்கறது சுளுவு. பட்டு நூலு முடிச்சு போட்டா அவுறுமா இன்னா?"

 மூன்று தலைமுறையாகப் பட்டு நூலில் முடிச்சுப் போட்டவன், முடிச்சு அவிழ்ந்துவிடும் என்றா சொல்வான்? இந்த ஊரில் தறிக்காரன் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் கார் ஒயருக்குப் பட்டு நூல் கட்டும் யோசனை வராது. வரவேண்டிய வீட்டுக்குத்தான் வந்தது. அவளுக்கு முதுகு வளையாதாம். ஆகவே டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து நூல் கட்டுவது நான். கடையில் வாங்கி வந்த புதுக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஒயரில் அதே நிறத்தைக் கட்டியபடி நிறம் சொல்வது அவள்.

நானும் விடவில்லை. "நீ சொல்லப்போற வரிசையில நூலை அட்டையில சொருவிக் குடு, தேடிக்கினு இருக்க முடியாது" என்றேன். அவளும் நல்லபிள்ளையாகப் பழைய காலண்டர் அட்டையை ஓரத்தில் பன்னிரண்டு இடத்தில் கீறி, பன்னிரண்டு நூலைச் செருகித் தந்தாள். மறுபடி இடம் வந்துவிட்டது. முதல் கீறல், இரண்டாம் கீறல் என்று எண்ணிக்கொண்டு போனால் போதும். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் தலையை நுழைத்துப் படுத்தபோது, நாற்பது நாளில் முதல் தடவையாக என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"வைப்பரு, மஞ்சள்."

"கட்டிட்டேன்."

"வைப்பரு ரெண்டாவது, ஊதா."

ஐந்து ஒயர் முடிந்தது. வெயில் ஏறிக் கார் கூரை காய்ந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினேன், முழங்கை அட்டையில் பட்டது. மீதியிருந்த ஏழு நூலும் என் நெஞ்சு மேலும் மிதியடி மேலும் சிதறி விழுந்தன.

 தடவித் தடவிப் பொறுக்கினேன். வெள்ளை, நீலம், கறுப்பு மூன்றும் பிடிபட்டன. மீதி நான்கு. என்னவென்று எனக்குத் தெரியும், அவள் செருகும்போதே வரிசை சொல்லியிருந்தாள். அரக்கு, கிளிப்பச்சை, மிளகாய்ச் சிவப்பு, பாசிப்பச்சை. நான்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நான்கு பழுப்புப் புழு. ஒன்று கொஞ்சம் வெளுப்பு, ஒன்று கொஞ்சம் கருமை, அவ்வளவுதான்.

"இன்னாங்க, எதனா வுழுந்துச்சா?"

அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். கையை வெளியே நீட்டி, இதில் எது எது என்று பார்த்துக் கொடு என்று கேட்டிருக்கலாம். வேர்வை கண்ணை மறைக்கிறது என்றுகூடப் பொய் சொல்லியிருக்கலாம், காராவது பிழைத்திருக்கும். 

"ஒண்ணும் வுழல. நீ சொல்லு."

"ஹாரனு, அரக்கு."

கருமையாக இருந்ததை எடுத்துக் கட்டினேன்.

"லெஃப்ட் இண்டிகேட்டரு, கிளிப்பச்சை."

வெளுத்ததைக் கட்டினேன். அடுத்து வந்த ரைட் இண்டிகேட்டர், விளக்கு இரண்டுக்கும் கைக்கு வந்ததைக் கட்டினேன், கடைசியில் தெரிந்த மூன்று நிறத்தையும் கட்டி முடித்தேன். முடிச்சு மட்டும் பழுதில்லாமல் விழுந்தது. வெளியே வந்து மூச்சு வாங்கினேன். முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்றாள். அடியில் காற்றே இல்லை, படுத்துப் பார் தெரியும் என்று கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும், அவளுக்கும் அது பழக்கம்.

பழைய கட்டையை வெட்டி எடுத்தோம். ஒயர்களை வெளியே இழுத்து, அவள் நிறத்துக்கு நிறம் ஜோடி சேர்த்து முறுக்கி டேப் சுற்றினாள். நான் வாசலுக்கும் காருக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நல்ல காலம் நான்கும் சரியாக விழுந்திருக்கக் கூடாதா? கச்சபேஸ்வரருக்கு ஒரு தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு நூற்றெட்டு என்று கூட்டினேன்.

பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, விளக்கைப் போட்டாள். விளக்கு எரியவில்லை, ஹார்ன் அலறியது.

அலறல் என்றால் சாதாரண அலறல் இல்லை. தெருவில் அத்தனை தறியும் நின்றுவிட்டது. அவள் பதறி எதையெதையோ தட்டினாள். வைப்பர் ஓடியது, எங்கோ கருகிய வாடை வந்தது, ஹார்ன் மட்டும் நிற்கவில்லை. ஷெட்டிலிருந்து கிறிஸ்டோபர் ஓடி வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். அதற்குள் வாசலுக்கு வாசல் ஆள்.

"இன்னாண்ணே, தேரு கெளம்புதுன்னு நெனச்சுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே டேஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தான். கையால் ஒயரைத் தடவிக்கொண்டு போனான். "நூலு கட்டுனது சூப்பர் ஐடியாக்கா. ஆனா புதுக் கட்டையில ஹாரனுக்கு அரக்கு, வண்டி ஹாரன் ஒயர்ல பச்சை கட்டிக்கீறீங்க. இந்த இண்டிகேட்டர்ல அரக்கு. நாலும் மாறிப் போச்சு."

"எவன் சொன்னான்?" என்று பாய்ந்தேன். "நான் சரியாத்தான் கட்டுனேன். இவ சொன்னது தப்பு. அந்த போன்ல பேசறவன் ஒரு கேனயன். நீ வெள்ளிக்கிழமையே மாட்டித் தொலைச்சிருந்தா இந்த வம்பே இல்ல!"

 அகிலா ஒன்றும் பேசாதது எனக்குக் கலக்கமாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டுகிறவள் அவள். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து அந்த நான்கு முடிச்சையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சாயங்காலம் வந்து சரி பண்ணிக் குடுப்பா" என்று கிறிஸ்டோபரை அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

தறிக்குப் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் என்னை நிறுத்தினாள். கழிவு நூல் பையில் கையை விட்டு இரண்டு நூலை எடுத்து உள்ளங்கையில் நீட்டினாள்.

"இதுல எது அரக்கு?"

"விளையாடறியா?"

"எது அரக்குன்னு சொல்லுங்க."

இரண்டையும் பார்த்தேன். இடது பக்கம் இருந்தது ஒரு பொட்டு கருமையாகத் தெரிந்தது, அல்லது அப்படித் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். "இது" என்று தொட்டேன். "இதுகூடத் தெரியாதா எனக்கு?"

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "ரெண்டுமே பச்சைங்க" என்றாள்.

நான் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? எப்போதிலிருந்து என்று கேட்டாள். சொன்னேன். பாவு போய்விடும், தறி போய்விடும், அதனால்தான் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அழுவாள், ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யோவ், தறி போனா போவுதுய்யா! மாத்திரைய்யா அது! அந்த மாத்திரை சில பேருக்குக் கண்ண வாங்கும், அரக்கும் பச்சையும்தான் மொதல்ல போவும், போன அன்னைக்கே ஓடி வரணும், வுட்டா முழுசா போயிடும்னு சிஸ்டர் தலபாடா அடிச்சுக்கினாங்க. அதுக்குத்தான வாராவாரம் கேட்டேன்? வேவு பாக்கறேன்னு நெனச்சியா?"

 நாற்பது நாள், தினம் காலையில் அவள் எடுத்துக் கொடுத்த மாத்திரையை அவள் கண்ணெதிரிலேயே விழுங்கியிருக்கிறேன். அவள் உடனே சிஸ்டருக்குப் போன் செய்தாள். நாளைக்கு மாத்திரை போடவேண்டாம், காலையில் முதல் ஆளாக வாருங்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பேசாமலே சோறு போட்டாள், பேசாமலே பாயை விரித்தாள். நான் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதும், அதை மூடி இதைத் திறப்பதுமாகப் புரண்டுகொண்டிருந்தேன். நேற்றைவிட மங்கலோ, விளக்கு மங்கலோ, ஒன்றும் பிடிபடவில்லை.

கிறிஸ்டோபர் சரி செய்து கொடுத்த காரில் திங்கட்கிழமை காலை போனோம். சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள். "இந்த நாப்பது நாளும் சைக்கிள்ள எப்படிப் போனீங்க?"

"மேல எரிஞ்சா நிக்கறது, கீழ எரிஞ்சா போறது."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

கண் பிரிவில் புள்ளிப் புள்ளியாக எண் ஒளித்த புத்தகத்தைக் காட்டினார்கள். முதல் பக்கத்தில் எண் தெரிந்தது. அடுத்த ஆறு பக்கத்தில் வெறும் புள்ளிதான். அங்கிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு காசநோய் டாக்டரிடம் போனோம். இளம் வயதுக்காரர், முகத்தில் தூக்கமில்லை. அந்த மருந்தை இன்றோடு நிறுத்துகிறேன், அது இல்லாத மாத்திரையாக மாற்றித் தருகிறேன் என்றார். நிறுத்தினால் நிறையப் பேருக்கு இரண்டு மூன்று மாதத்தில் பார்வை திரும்பும், உங்களுக்கு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நாப்பத்தோரு நாளு சார்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் என்னைக் கேட்கவில்லை, அகிலா பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்ககிட்டதானே முதல் நாளே சொல்லி அனுப்பினாங்க? வாராவாரம் கண்ணைப் பத்திக் கேக்கணும்னு சொன்னாங்களா இல்லையா? நீங்க கேக்கவே இல்லையா?"

அகிலா தரையைப் பார்த்தாள்.

"கேக்கல சார். வேலையில மறந்துட்டேன்."

அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. கூட இருக்கிறவர்கள் இப்படி அலட்சியமாக இருந்தால் நாங்கள் என்ன செய்வது, ஒரு மனுஷனோட கண்ணும்மா இது, முதல் வாரமே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காதே என்று வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி பேசினார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றாள். தெருவே கூடி நின்றபோது அவள் மேல் பழியைப் போட்ட எனக்கு, அவள் தானாக எடுத்துப் போட்டுக்கொண்ட இந்தப் பழியைப் பார்க்கத் தாங்கவில்லை. நாற்பத்தோரு நாளாக எதற்குப் பயந்தேனோ அதைவிட இது பெரிதாக இருந்தது.

"கேட்டா சார்" என்றேன். குரல் இருமலாக வந்தது, மறுபடி சொன்னேன். "வாராவாரம் கேட்டா. நேத்து வரைக்கும் ஆறு ஞாயித்துக்கெழம. ஆறு தடவையும் நல்லாத் தெரியுதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அகிலா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து முதல் தடவையாக என் பக்கத்தில் நெருங்கி நின்றாள்.

"இனிமே அவரையே கேளுங்க சார்" என்றாள். "அவரே சொல்லுவாரு."